ஃபார்மேட் அடிப்பதற்கு முன் ஒரு போன்: குமரி மாவட்ட முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தில் தொழில் நடத்தும் நிறுவன உரிமையாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும்,

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஓர் ஓட்டல் ஹாலில் கூடினீர்கள். அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலை நடத்துகிறவர்கள், மீன் ஏற்றுமதிக்காரர்கள், ரப்பர் வியாபாரிகள், நகைக்கடன் கொடுப்பவர்கள், இரண்டு ஆஸ்பத்திரி நிர்வாகிகள். சாப்பாட்டுக்கு முன் மூன்று வரியில் ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. சைபர் பாதுகாப்பு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரின் பொறுப்பு. தகவல் பாதுகாப்புச் சட்டம் 2027-இல்தான் வருகிறது, அதுவரை அதற்கென்று செலவு வேண்டாம். ஏதாவது நடந்தால் முதலில் சிஸ்டத்தைச் சரி செய்வது, சட்ட ஆலோசகரிடம் பிறகு பேசிக்கொள்வது.

கைதட்டி நிறைவேற்றினீர்கள். கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்திருந்தேன், எழுந்து பேசவில்லை. அது என் தப்பு. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

குழித்துறை நீதிமன்றத்தில் ஆறு வருஷம் வக்கீலாக நின்றவள் நான். பிறகு மாதச் சம்பளத்துக்குக் கம்பெனிச் சட்ட ஆலோசகராகப் போனேன். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி, அதனால் கறுப்புக் கோட்டு அலமாரியில் தொங்குகிறது. பதினோரு வருஷமாக உங்களைப் போன்றவர்களின் அலுவலகங்களுக்குள் இருந்து ஒப்பந்தம் படிக்கிறேன், நோட்டீசுக்குப் பதில் எழுதுகிறேன். கீழே சொல்லப்போவது நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது. பெயர் சொல்லமாட்டேன், கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். நடந்த விதத்தில் எதையும் மாற்றவில்லை.

ஆடி மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை 7.40. சம்பளக் கணக்கு பார்க்கிற பெண் போன் செய்தாள். "மேடம், சம்பள ஷீட்டு ஒண்ணும் தெறக்கல்ல. எல்லா பைலுக்கும் வாலு மொளச்சி கெடக்கு." கோப்புப் பெயர்களின் கடைசியில் முன்பின் தெரியாத எழுத்துகள் ஒட்டியிருந்ததைத்தான் வால் என்றாள். நான் போய்ச் சேர்ந்தபோது எட்டரை. மாடிப்படிக்குக் கீழேதான் சர்வர். மேலே மழை ஒழுகும் என்பதால் நீலத் தார்ப்பாய் போர்த்தி, பக்கத்தில் ஒரு சிவப்பு பக்கெட் வைத்திருப்பார்கள். கோப்புகளைப் பூட்டியவர்கள் திரையில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு விட்டிருந்தார்கள்: 72 மணி நேரத்துக்குள் பிட்காயினில் பணம் அனுப்பு, இல்லையென்றால் உன் கோப்புகளை வெளியே விடுவோம். ஓர் எழுத்துப்பிழை இல்லை. எங்கள் ஏற்றுமதிக் கடிதங்களைவிட நல்ல ஆங்கிலம்.

முதலாளி போனில் சொன்னது ஒரே வாக்கியம். "யாருகிட்டயும் பறையாண்டாம் மேடம், பையன் வாறான்."

9.05-க்கு நான் அவருக்கு மூன்று வரி மெயில் போட்டேன். ஒன்று, எந்த மெஷினையும் தொடாதீர்கள், நெட்வொர்க் கேபிளை மட்டும் உருவுங்கள். இரண்டு, இன்று மதியம் 1.40-க்குள், சைபர் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் போக வேண்டும். மூன்று, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இப்போதே சொல்ல வேண்டும். பதில் வாட்ஸ்அப்பில் வந்தது: "இதெல்லாம் மெயில்ல எழுதாதீங்க. அப்புறம் பேசலாம்." 10.15-க்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் பையன் பைக்கில் வந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன், அவனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவைச் செருகினான். பதினொன்றரைக்கு சர்வரும் மூன்று கம்ப்யூட்டர்களும் ஃபார்மேட் ஆகி, இருந்ததெல்லாம் அழிந்து, புதிதாக வாங்கினாற்போல் பளிச்சென்று இருந்தன. எல்லாரும் டீ குடித்தார்கள். 1.40 ஆனபோது நான் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த 1.40 எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 2022 ஏப்ரல் 28 அன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. சைபர் சம்பவம் கண்ணில் பட்டதிலிருந்து, அல்லது யாராவது வந்து சொன்னதிலிருந்து, ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பெருங்கம்பெனிகளுக்கு மட்டும் என்று அதில் இல்லை. கம்பெனி என்று பதிவு செய்த எல்லாருக்கும்தான். ஆறு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. கையில் இருப்பதைச் சொல்லலாம், மீதியைப் பிறகு சொல்லலாம். ஒரு மெயில், ஒரு போன், அவ்வளவுதான். கட்டளைக்குக் கீழ்ப்படியாவிட்டால் ஓராண்டு வரை சிறைக்கு அதே பிரிவில் இடமுண்டு. குற்றம் செய்தது கம்பெனி என்றால் அதன் பொறுப்பில் இருந்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 85-ஆம் பிரிவு. பொறுப்பில் இருந்தவர் என்றால் பைக்கில் வந்த பையன் அல்ல.

அதே உத்தரவு, யார் எப்போது என்ன செய்தார் என்று கம்ப்யூட்டர் தானே எழுதி வைக்கும் லாக் எனப்படும் பதிவுகளை 180 நாள் இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது. எங்களிடம் ஆறு நாள் பதிவு இருந்தது. அதுவும் அந்தப் பதினொன்றரையோடு போயிற்று. எல்லாக் கம்ப்யூட்டர்களின் கடிகாரமும் அரசு நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும் என்றும் அதில் ஒரு வரி உண்டு. அதைப் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது, கடிகாரத்துக்குப் போய் ஒரு சட்டமா என்று. பிறகு எங்கள் சிசிடிவி பெட்டியின் நேரத்துக்கும் பில்லிங் மெஷினின் நேரத்துக்கும் 17 நிமிட வித்தியாசம் இருந்தது தெரிந்தது. ஞாயிறு ராத்திரி அலுவலகத்தில் யார் இருந்தார்கள், எந்த மெஷினில் யார் கை வைத்தார்கள் என்று கோர்வையாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. காவலாளி மேல் சந்தேகம் வந்தது. பாவம், அந்த மனுஷன் நான்கு நாள் வேலைக்கு வரவில்லை.

ஃபார்மேட் அடித்ததன் விலை எங்களுக்குத் தவணை தவணையாகத் தெரிந்தது. வங்கி வற்புறுத்தியதால் எடுத்த ஒரு சைபர் பாலிசி இருந்தது. சம்பவம் தெரிந்தவுடன் சொல்ல வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சம்மதமில்லாமல் ஆதாரத்தைக் கலைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. நாங்கள் ஒன்பதாம் நாள் சொன்னோம். இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்து, ஃபாரன்சிக் நகல், அதாவது எதையும் கலைக்காமல் அப்படியே எடுத்த டிஸ்க் நகல், எங்கே என்றார். பளபளக்கும் சர்வரைக் காட்டினோம். பிறகு விண்ணப்பப் படிவத்தை எடுத்தார். 'பேக்கப் நெட்வொர்க்குக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறதா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று டிக். உண்மையில் பேக்கப் டிஸ்க் அதே சர்வரில் யூஎஸ்பி கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கும் வால் முளைத்திருந்தது. டிக் போட்டது யார் என்று யாருக்கும் நினைவில்லை. கையெழுத்து முதலாளியுடையது.

போலீசுக்குப் போகலாம் என்று முடிவெடுத்தபோது மூன்று வாரம் ஆகியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரம் கொடுப்பவர், கோப்பின் கைரேகை போன்ற எண்ணான ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் தர வேண்டும். இல்லாத கோப்புக்கு எந்த ஹாஷைக் கொடுப்பது? திரைக்குறிப்பைச் சம்பளக் கணக்குப் பெண் தன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். மொத்தத்தில் எங்களிடம் மிஞ்சிய ஆதாரம் அதுதான்.

வெளிநாட்டு வாங்குபவரின் ஒப்பந்தம் இன்னொரு கதை. 23-ஆம் பக்கத்தில், தகவல் பாதுகாப்பில் பழுது ஏற்பட்டால் 24 மணி நேரத்தில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஆர்டர் கிடைத்த சந்தோஷத்தில் கையெழுத்தான ஒப்பந்தம், என் மேசைக்கு வந்தது அதற்குப் பிறகு. நாங்கள் சொல்வதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. 'வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதற்கு அனுப்புங்கள்' என்று எங்கள் மெயில் பெட்டியிலிருந்தே அவர்களுக்கு ஒரு கடிதம் போயிருந்தது. புத்திசாலிகள், போன் செய்து கேட்டார்கள். பணம் தப்பியது, அடுத்த வருஷ ஆர்டர் தப்பவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் முதலாளியின் நஷ்டம். உங்கள் பணம், உங்கள் முடிவு என்று நானும் விட்டுவிடலாம். விட முடியாத காரணம் ஒன்று இருக்கிறது.

அண்டி உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்திருப்பீர்கள். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் ஏற்காது. அடையாளத்துக்கு அவர்களிடம் இருப்பது அட்டையும் எண்ணும்தான். நாங்கள் என்ன செய்தோம்? ஒவ்வொருத்தியின் ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரே ஃபோல்டரில் போட்டு, அதற்கு 'லேபர்' என்று பெயர் வைத்தோம். வேலையை விட்டு எட்டு வருஷம் ஆனவர்களின் நகலும் அதில் கிடந்தது. பாஸ்வேர்டு, கம்பெனிப் பெயரோடு 123.

இரண்டு மாதம் கழித்து ஓர் அக்கா வாசலுக்கு வந்தார். அவருக்கு ஒரு போன் வந்திருக்கிறது. பி.எஃப். ஆபீஸ் என்று சொல்லி, அவர் பெயர், கணவர் பெயர், ஆதார் எண், கணக்கின் கடைசி நான்கு எண்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். இவ்வளவும் தெரிந்தவன் ஆபீஸ்காரன்தானே என்று ஓடிபி சொல்லிவிட்டார். மகளின் நர்சிங் பீசுக்கு வைத்திருந்த 18,000 ரூபாய் போயிற்று. அழவில்லை, சத்தமும் போடவில்லை. ஆலையில் கம்ப்யூட்டர் பூட்டிக்கிடந்த விஷயம் அதற்குள் அவர் காதுக்கு எட்டியிருந்தது. "ஒங்களுக்கு நேரத்தே தெரியும்லா மேடம். எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

அந்தப் போனுக்கும் எங்கள் கசிவுக்கும் தொடர்பு உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. எந்தக் கோப்பு வெளியே போயிற்று என்று காட்டியிருக்கக்கூடிய பதிவை நாங்களே அழித்துவிட்டோம். அவர் வழக்குப் போட்டிருந்தால் கம்பெனி சார்பில் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. கடலுக்குப் போனவர்களுக்கு எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்று இன்றுவரை வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் சொல்கிறார்கள், நாமும் சேர்ந்து சொல்கிறோம். உயிரையும் 18,000 ரூபாயையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஆனால் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லாமல் இருப்பதன் அர்த்தம் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் தீர்மானத்துக்கு வருகிறேன்.

2027 என்ற கணக்கில் பாதிதான் சரி. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கசிவைத் தெரிவிப்பது போன்ற முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது அறிவித்த கணக்குப்படி 2027 மே மாதத்தில் நடப்புக்கு வரும். உரிய பாதுகாப்பு வைக்காததற்கு 250 கோடி ரூபாய் வரை, கசிவைத் தெரிவிக்காததற்கு 200 கோடி வரை அபராதம் என்ற எண்களைப் பார்த்துத்தான் அன்று ஹாலில் எல்லாரும் பேசினீர்கள். நம்மூர் ஆலையிடம் அபராதம் விதிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியம் 250 கோடி கேட்கும் என்று நான் பயமுறுத்தமாட்டேன். தொகையை முடிவு செய்யும்போது மீறல் எவ்வளவு தீவிரம், பாதிப்பைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது சட்டம். மூடி மறைத்தவர் அங்கே என்ன சொல்வார்?

அதுவரை எதுவும் இல்லை என்பதுதான் தப்பு. ஆறு மணி நேர உத்தரவு 2022-இலிருந்து இருக்கிறது. வங்கி விவரம், மருத்துவக் குறிப்பு போன்றவற்றை அலட்சியமாக வைத்து யாருக்காவது நஷ்டம் ஏற்படுத்தினால் ஈடு கொடுக்க வைக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே தீர்ப்பு அதிகாரியாக விசாரிக்கலாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை இரண்டு முறை படிக்கவும். கம்பெனிச் சட்டத்தின் 2014 நிர்வாக விதிகளில், மின்னணுப் பதிவேடுகளின் பாதுகாப்புக்கு நிர்வாக இயக்குநரோ, கம்பெனிச் செயலரோ, போர்டு தீர்மானிக்கும் ஒருவரோ பொறுப்பு என்று தெளிவாகவே இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் அப்படி ஒருவரை மினிட்ஸில் எழுதி வைத்திருக்கிறீர்கள்?

சர்வீஸ்காரர் பொறுப்பு என்கிறீர்கள். அவரோடு உங்களுக்கு இருக்கும் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் ஜிஎஸ்டி பில்லைக் காட்டுவீர்கள். அதில் வருடாந்திரப் பராமரிப்பு என்பதற்கு 'ஏஎம்சி' என்று மூன்றெழுத்து இருக்கும், கீழே தொகை இருக்கும். வேலையை வெளியே கொடுத்தாலும் பொறுப்பு தரவை வாங்கி வைத்தவருடையதுதான், நடுவில் என்ன ஒப்பந்தம் இருந்தாலும் அது மாறாது என்று 2023 சட்டத்தின் 8-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, நஷ்டத்தை அவரிடம் வசூலிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பையனிடம் இருந்தது பைக். அதற்கும் தவணை பாக்கி.

மூன்றாவது வரிதான் என்னைச் சுட்டது. 'சட்ட ஆலோசகரிடம் பிறகு.' ஃபார்மேட் அடித்த பிறகு என்னைக் கூப்பிட்டால் நான் என்ன செய்யட்டும்? ஒப்பாரிக்கு வந்த உறவுக்காரி மாதிரி மூலையில் உட்காரலாம். முதல் ஒரு மணி நேரத்தில்தான் என் வேலை இருக்கிறது: எதைத் தொடக்கூடாது, யாருக்கு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், எதை இப்போது சொல்லக்கூடாது.

இன்னொன்று. சட்ட ஆலோசகர் நம் சம்பளத்தில் இருக்கிறவர், அவரிடம் சொல்வது வெளியே போகாது என்று அன்று ஒருவர் சொன்னார். 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கேளுங்கள். கோர்ட்டில் நிற்கும் வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியத்துக்கு உள்ள காப்பு, சம்பளத்துக்கு இருக்கும் கம்பெனிச் சட்ட ஆலோசகருக்கு அப்படியே கிடைக்காது. ஆகவே நீங்கள் எனக்கு அனுப்பும் "மெயில்ல எழுதாதீங்க" என்ற வாட்ஸ்அப் நாளைக்கு ஒரு கோர்ட்டில் வாசிக்கப்படலாம். ரகசியம் வேண்டும் என்றால் சம்பவம் நடந்த அன்றே வெளி வக்கீல் ஒருவரை முறைப்படி அமர்த்துங்கள். அதைவிட நல்லது, வாசித்தால் வெட்கப்பட வேண்டாத மெயில்களை எழுதுவது.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

அடுத்த கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். மூன்று வரியையும் பெற மனமில்லை என்றால் மூன்றாவதையாவது.

ஒவ்வொரு கம்பெனியும் அடுத்த போர்டு கூட்டத்தில் ஒரு பெயரைத் தீர்மானமாக எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சம்பவம் தெரிந்தாலும் செர்ட்-இன்னுக்கு மெயில் அனுப்ப முதலாளியின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாத அதிகாரம் அவருக்கு வேண்டும். அதே தாளில் வெளி வக்கீல், இன்ஷூரன்ஸ், நாகர்கோவில் சைபர் கிரைம் போலீஸ், பணம் போயிருந்தால் 1930 ஆகிய எண்களை எழுதி சர்வர் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். கம்ப்யூட்டருக்குள் வைத்தால் அதற்கும் வால் முளைக்கும்.

சர்வீஸ்காரரோடு தமிழிலேயே இரண்டு பக்க ஒப்பந்தம் போடுங்கள். சம்பவம் நடந்தால் எழுத்தில் சொல்லாமல் எதையும் அழிக்கக் கூடாது, பதிவு 180 நாள் இருக்க வேண்டும், 2027 மே மாதத்திலிருந்து அது ஓராண்டு. உங்கள் வாங்குபவர்களோடு உள்ள ஒப்பந்தங்களில் எத்தனை மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இருப்பதை ஒருவர் உட்கார்ந்து எடுத்து எழுதட்டும். வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் கூப்பிட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது என்ற வரியையும் அவற்றில் சேருங்கள்.

'லேபர்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். சட்டம் வைக்கச் சொல்லாத நகலை அழியுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பாஸ்புக் நகல் உங்களுக்கு எதற்கு?

கசிவு நடந்தால் தொழிலாளிகளுக்கு அன்றைக்கே சொல்லுங்கள். நோட்டீஸ் போர்டில் ஆங்கிலத்தில் ஒட்டுவதைச் சொல்லவில்லை. காலை ஷிப்டு தொடங்கும்போது வாசலில் நின்று, வாய்விட்டு, தமிழில்: உங்கள் இன்னின்ன விவரம் வெளியே போயிருக்கலாம், யார் போன் செய்து எதைச் சரியாகச் சொன்னாலும் ஓடிபி கொடுக்காதீர்கள், சந்தேகம் வந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லுங்கள். எனக்குப் பத்து நிமிடம் வேண்டும், சாப்பாட்டுக்கு முன். இந்த முறை எழுந்து பேசுகிறேன்.

மார்த்தாண்டத்திலிருந்து,
ஒரு நிறுவனச் சட்ட ஆலோசகர்